எண்பத்தொரு மதிப்பெண் வாங்கிய ஆபரேட்டர்

முதல் வகுப்பிலேயே பேராசிரியர் கரும்பலகையில் ஏழு பெட்டிகள் வரைந்தார், ஒன்றின் தலைமேல் ஒன்றாக. வரைந்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, மாடி எழுப்பி முடித்த கொத்தனாரைப்போல அண்ணாந்து பார்த்தார்.

"இந்த உலகத்துல எந்த ரெண்டு பேர் பேசிக்கிட்டாலும் இந்த ஏழு அடுக்கையும் தாண்டித்தான் பேசணும். வேற வழியே கிடையாது," என்றார்.

முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. ஓர் ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, யார் யாரையோ யார் யாரோடோ பேச வைத்திருக்கிறாள். நடுவில் ஏழு அடுக்கு இருந்த விஷயம் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளைச் சுற்றிலும் பத்தொன்பது வயதுக்காரர்கள். மாலை வகுப்பு என்பதால் பாதிப் பேர் தூங்கவும் மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் படம் எடுக்கவும் வந்திருந்தார்கள். அவள் வந்தது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள. ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டை இந்தப் பருவம் முடியும்போது பிடுங்கப்போகிறார்கள். அறைக்கு அறை, திரையும் மணியும் வைத்த செய்திப் பெட்டிகள் வரப்போகின்றன. எல்லாம் நெட்வொர்க்கில் ஓடும். 'கணினி வலையமைப்பும் தொலைத்தொடர்பும்: ஓர் அறிமுகம்' என்ற இந்தப் படிப்பில் தேறிச் சான்றிதழ் கொண்டுவந்தால், அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவி மேஜையில் அவளுக்கு இடம் உண்டு. தேறாவிட்டால் வழியனுப்பு விழாவில் ஒரு பூமாலை, ஒரு சுவர்க் கடிகாரம்.

"நம்ம ஆஸ்பத்திரி ஒரு குடும்பம்மா," என்று நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "குடும்பத்துல இருக்கிறவங்களை வெளிய அனுப்புவோமா? பாஸ் மட்டும் பண்ணிடுங்க."

பரீட்சை வைத்து ஆள் கழிக்கும் குடும்பத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் குழிக்குள் விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியவர். இப்போது வீட்டுக்குள் நடப்பதற்கே சுவரிடம் அனுமதி கேட்கிறார். மகள் இதே கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டில் காலையில் வேலைக்குக் கிளம்பும் ஆள் ஒருத்திதான்.

மூன்றாவது வாரம், இரண்டு கணினிகள் பேச்சைத் தொடங்கும் முறையைப் பேராசிரியர் விளக்கினார். "இது 'பேசலாமா'ன்னு கேக்கும். அது 'பேசலாம், நீ தயாரா'ன்னு திருப்பிக் கேக்கும். இது 'தயார்'னு சொல்லும். அதுக்கப்புறம்தான் தகவல் போகும். இதைக் கண்டுபிடிக்க எத்தனை மூளை உழைச்சிருக்கு தெரியுமா?"

ஆபரேட்டர் கை தூக்கினாள். "போர்டுலயும் இப்படித்தான் சார். டாக்டர் இருக்காரான்னு கேட்டு, 'லைன் தரட்டுமா'ன்னு கேட்டு, அவர் சரின்னதும்தான் குடுப்போம்."

பேராசிரியர் முகம் சுருங்கியது. அத்தனை மூளைகள் உழைத்த காரியத்தை ஒரு பொம்பளை ஸ்டூலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அது டெலிபோன்மா. இது நெட்வொர்க். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"ஆன்ட்டிதான் சார் எட்டாவது அடுக்கு," என்றது பின்பெஞ்சு. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஆய்வகம் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு ஸ்விட்ச்சும் இருந்தது, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள். இருபத்து நான்கு கேபிள்களைச் செருகிக் கணினிகளை இணைக்க வேண்டிய அந்தப் பெட்டியில் ஒரு கேபிளும் இல்லை. சாவி பேராசிரியரின் சட்டைப் பையில் இருந்தது. "தொட்டா கெட்டுடும்," என்பார். மாணவர்கள் வரிசையில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்து, அதைப் படமாக வரைந்து, பாகங்களைக் குறித்தார்கள். ஆபரேட்டரின் படத்துக்கு 'மிக நன்று' கிடைத்தது.

இடைத்தேர்வில் அந்தச் சந்தோஷம் போனது. டெலிபோன் இணைப்பு எப்படி ஏற்படுத்தப்படுகிறது என்று பத்து மதிப்பெண் கேள்வி. அவள் மூன்று பக்கம் எழுதினாள். எந்த விளக்கு எரிந்தால் எந்தக் கம்பியை எடுப்பது, இரண்டு பேர் ஒரே டாக்டரைக் கேட்டால் யாரைக் காக்க வைப்பது, பேச்சு முடிந்துவிட்டதென்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது, எல்லாம். பத்துக்கு இரண்டு வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'சொந்தக் கதை வேண்டாம்.'

விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் அறை வாசலில் நின்றாள். "தப்பா எழுதிட்டேனா சார்?"

"தப்புன்னு நான் சொல்லலையே," என்றார் பேராசிரியர், நிதானமாகவே. "என் நோட்ஸ்ல இல்ல. என் நோட்ஸ்ல இல்லாததுக்கு நான் எதைப் பாத்து மார்க் போடுறது?"

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். போன வருஷம் இதே பாடத்தை இதே ஆளிடம் படித்துத் தேறியவள் அவள்.

"அம்மா, நீ பண்ற தப்பு என்ன தெரியுமா? புரிஞ்சுக்கப் பாக்குற."

"பின்ன வேற என்ன பண்றதாம்?"

"மனப்பாடம் பண்ணு. புரிஞ்சு படிச்சவங்க யாரும் அவர்கிட்ட பாஸ் பண்ணதில்ல. எங்க செட்ல ஒருத்தி சொந்தமா எழுதினா. இன்னமும் எழுதிக்கிட்டிருக்கா."

"அவ சொல்றதும் சரிதான்," என்றார் கணவர், கட்டிலில் காலை நீட்டியபடி. "லிஃப்ட்ல ஏறுறவனுக்கு மோட்டார் எப்படிச் சுத்துதுன்னு எதுக்குத் தெரியணும்?"

"நீங்க தெரிஞ்சு வச்சிருந்துதானேப்பா உள்ள விழுந்தீங்க," என்றாள் மகள்.

அவரே முதலில் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பு வந்து பல நாள் ஆகியிருந்தது. அதனாலேயே மகள் சொன்ன யோசனைக்கு ஒரு மரியாதை கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் முந்நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன் எண்களையும் தலையில் வைத்திருப்பவளுக்கு நூற்றுப் பன்னிரண்டு பக்க நோட்ஸ் பெரிய சுமையில்லை. பஸ்ஸில் நிற்கும்போது அவள் உதடு அசைந்தது. துணி பிழியும்போது அசைந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டு, தனக்கும் சொல்லித்தரச் சொன்னாள். ஆறு வாரத்தில் காற்புள்ளி உட்பட மொத்தமும் உள்ளே போய்விட்டது. அர்த்தம் மட்டும் வாசலிலேயே நின்றது. அதை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

எண்பத்தொன்று. வகுப்பிலேயே முதல்.

சான்றிதழ் கொடுக்கும் கூட்டத்தில் பேராசிரியர் அவளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா டெலிபோன்லயே தேங்கிக் கிடந்தவங்க. இன்னிக்கு நெட்வொர்க் நிபுணர்," என்று அறிமுகம் செய்தார். கைதட்டினார்கள். நிபுணர் தன் வாழ்நாளில் ஒரு ஸ்விட்ச்சையும் தொட்டதில்லை என்பதைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, நிபுணரும் சொல்லவில்லை.

போர்டைப் பிடுங்கி, சக்கரம் போன ஸ்ட்ரெச்சர்களோடு கிடங்கில் போட்டார்கள். செய்திப் பெட்டி விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு நாளில் எல்லா அறைகளிலும் பெட்டி மாட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முகவரி எண் போட்டு, அந்தப் பட்டியலையும் உபரியாக ஒரு பெட்டியையும் ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வரவேற்பறைச் சுவரில் நிர்வாக அதிகாரி ஒரு பெரிய தட்டி வைத்தார்: 'இனி இங்கே மனிதத் தவறுக்கு இடமில்லை.' அதைப் படித்துவிட்டு நோயாளிகள், இதுவரை எவ்வளவு இடம் இருந்ததோ என்று யோசித்தபடி உள்ளே போனார்கள்.

நாலாம் நாள் இரண்டாம் மாடி நர்ஸ் உதவி மேஜைக்கு வந்தாள். முப்பது வயதுக்காரி. போர்டு இருந்த நாளிலிருந்தே ஆபரேட்டரிடம் பழக்கம்.

"அக்கா, முன்னாடி டாக்டர் ரூம் போன் அடிச்சா எங்க மேஜையிலயும் சேர்ந்து அடிக்கும்ல? அவர் எழுந்து வர்றதுக்குள்ள நாங்க எடுத்து என்னன்னு கேட்டுடுவோம். இப்ப அவர் பெட்டிக்கு வர்றது எங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது."

"இதுக்கென்ன, இப்பவே பண்ணித் தர்றேன் வா."

டெலிபோனில் இது மிகச் சின்ன வேலை. ஒரே எண்ணின் கம்பியை இரண்டு கருவிக்கும் இழுத்துவிட்டால் இரண்டும் அடிக்கும். அவளே நூறு தடவை ஆளை வைத்துச் செய்திருக்கிறாள். உபரிப் பெட்டியை எடுத்துப் போய் நர்ஸ் மேஜையில் வைத்தாள். முகவரி கேட்டது. டாக்டர் அறைப் பெட்டிக்கு என்ன முகவரியோ அதையே இதற்கும் கொடுத்தாள். கீழே வந்து, டாக்டர் அறைக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள்.

"அடிக்குதுக்கா," என்று மாடிப்படியிலிருந்து நர்ஸின் குரல் வந்தது.

டாக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஒன்று அடித்தால் மற்றதும் அடிக்கும் என்பது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அதைப் போய்க் கதவைத் தட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பதினோரு நாள் எல்லாம் சரியாகவே நடந்ததுபோல் இருந்தது. செய்தி சில சமயம் டாக்டர் பெட்டிக்குப் போயிற்று, பல சமயம் நர்ஸ் மேஜைக்கு வந்தது. மேஜைக்கு வந்தால் நர்ஸ் எழுந்து போய்ச் சொல்லிவிடுவாள். எது எங்கே அடிக்கவில்லை என்று யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் இரண்டரை மணி. இன்னொரு நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். ஒன்பதாம் எண் கட்டிலில் இருந்த பெரியவருக்கு மூச்சு நின்றது. நர்ஸ் கட்டிலோரப் பொத்தானை அழுத்தி டாக்டர் அறைக்கு அவசரச் செய்தி அனுப்பிவிட்டு, பெரியவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். நீண்ட வராந்தாவின் நடுவில் இருந்த தன் மேஜையில் மணி அடிப்பது அவளுக்குக் கேட்டது. இங்கே அடித்தால் அங்கேயும் அடிக்கும். டாக்டர் இதோ வந்துவிடுவார். கையை எடுக்காமல் முழங்கையாலேயே மறுபடி அழுத்தினாள். மறுபடியும் மணி. நாலு தடவை. குரலும் கொடுத்துப் பார்த்தாள், மத்தியான வராந்தாவில் ஆளில்லை.

டாக்டர் வராந்தாவின் மறுகோடியில், சாத்திய கதவுக்குப் பின்னால், ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் பெட்டி வாயே திறக்கவில்லை. பதினெட்டு நிமிஷம் கழித்து, தண்ணீர் கொண்டுவந்த ஆயா பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கதவை இடித்தாள். டாக்டர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். அவர் வந்தபோது அவசரம் முடிந்திருந்தது.

உடனே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பெரியவரின் மகன் கேட்டார். "சொல்ல முடியாது," என்றார் டாக்டர். அது உண்மைதான். அதனால்தான் அது அவ்வளவு மோசமான பதில்.

விஷயம் காதில் விழுந்ததும் ஆபரேட்டர் மாடிக்குப் போனாள். டாக்டர் அறைப் பெட்டியின் திரையில், கீழ் ஓரத்தில், எறும்பளவு மஞ்சள் எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். 'முகவரி மோதல்.' பதினோரு நாளாக அது அங்கேயே நின்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியோடு வந்த கையேட்டை அன்றைக்குத்தான் பிரித்தாள். ஒரே செய்தி இரண்டு பெட்டிக்கும் போக வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனி முகவரி கொடுத்து, 'குழு' என்று ஒன்றை அமைக்க வேண்டுமாம். மூன்று பொத்தான் வேலை. பதினாறாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தது.

அமைத்தாள். இரண்டு இடத்திலும் மணி அடித்தது. இந்தத் தடவை கதவைத் திறந்து பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். மகள் பழைய நோட்ஸை எடுத்து, நாலாம் அலகைப் பிரித்து, ஒரு வரியில் விரல் வைத்தாள். 'ஒரு வலையமைப்பில் ஒரே முகவரியை இரு கருவிகளுக்கு வழங்கலாகாது. வழங்கின், செய்தி ஏதேனும் ஒரு கருவியையே சென்றடையும்.'

"இது பரீட்சையில வந்துச்சும்மா."

"தெரியும். எழுதினேன். அஞ்சுக்கு அஞ்சு."

இப்போதும் பார்க்காமல் சொல்வாள். ஆனால் அன்றைக்கு நர்ஸ் மேஜை முன்னால் நின்றபோது அவள் எதையும் 'வழங்க'வில்லை. ஒரு பெண் கேட்டாள், இவள் மணி அடிக்க வைத்தாள், அவ்வளவுதான். அந்த வாக்கியம் குடியிருந்த வீடு வேறு, இந்த மேஜை இருந்த தெரு வேறு. இரண்டும் ஒரு நாளும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதில்லை.

"நீயா போய்ச் சொல்லாத," என்றார் கணவர் சுவரைப் பார்த்தபடி. "கேட்டா சொல்லு."

மூன்றாம் நாள் கேட்டார்கள். நிர்வாக அதிகாரியின் அறையில் விசாரணை. வெளியிலிருந்து ஒரு நிபுணர் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று பேராசிரியரை வரவழைத்திருந்தார்கள். அவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தார்; தொடவில்லை.

"சார், தப்பு என்னுதுதான்," என்றாள் ஆபரேட்டர். "ரெண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி குடுத்துட்டேன். அதனாலதான் டாக்டருக்குப் போகல. அப்புறம் நானே மாத்தினேன்."

பேராசிரியர் புன்னகை செய்தார். கைப்பெட்டியைத் திறந்து ஒரு தாளின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இவங்க விடைத்தாள். நாலாம் அலகு, மூணாவது கேள்வி. இவ்வளவு தெளிவா எழுதின ஒருத்தங்க அந்தத் தப்பைச் செய்ய வாய்ப்பே இல்ல. நான் சொல்லிக்குடுத்த பாடம் சார் இது."

நிர்வாக அதிகாரிக்கு மூச்சு வந்தது. கீழே சுவரில் அவ்வளவு பெரிய தட்டியை வைத்துவிட்டு, மூன்று வாரம் ஆவதற்குள் மனிதத் தவறு என்று எழுத அவருக்குக் கை வருமா? "அதிர்ச்சியில இருக்கீங்கம்மா. நடக்காததெல்லாம் நடந்த மாதிரித் தோணும்."

"இல்ல சார், நான்தான்..."

"ஏழு அடுக்கும் ஒழுங்கா இயங்குது," என்றார் பேராசிரியர். "எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். கருவிமேல் குறையில்லை. ஆபரேட்டர் தேர்ச்சி பெற்றவர். மிச்சம் இருந்தது, பொத்தானை அழுத்திய ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் பெயரை நிரப்ப ஒரு வரியை விட்டிருந்தார்கள். 'கருவிகள் முறையாக இயங்கின என்று உறுதியளிக்கிறேன்' என்று தட்டச்சு செய்த தாளை ஆபரேட்டரின் பக்கம் நகர்த்தினார்கள். அவள் ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டாள், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை சொல்லாமலிருக்க அதுவே போதுமான காரணமாக அப்போது அவளுக்குப் பட்டது. சுவரைப் பிடித்து நடக்கும் மனுஷன் கண்ணுக்குள் வந்து போனார். கையெழுத்துப் போட்டாள்.

நாலு நாள் கழித்துக் காலையில் நர்ஸ் உதவி மேஜை முன்னால் வந்து நின்றாள். யூனிஃபார்ம் இல்லை, சாதாரண உடுப்பு. கையில் ஒரு கடிதம். 'உரிய நேரத்தில் மருத்துவரை அழைக்கத் தவறியதால்' என்று தொடங்கியிருந்தது.

"நாலு தடவை அழுத்தினேன்க்கா. மணி அடிச்சதை என் காதால கேட்டேன். பொய் சொல்றேன்னு சொல்றாங்க. உங்ககிட்ட கேட்டாங்களாமே?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

ஆபரேட்டர் எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை. "மணி அடிச்சது நிஜம். உன் மேஜையில மட்டும்தான் அடிச்சுது. டாக்டர் ரூம்ல அடிக்கல. அன்னிக்கு நான் வச்சுக் குடுத்தேனே அந்தப் பெட்டி, அதை நான் தப்பா வச்சுட்டேன்."

நர்ஸுக்குப் புரிய நேரமாயிற்று.

"அப்ப நான் கூப்பிட்டது எனக்கேவா?"

ஆபரேட்டர் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பெரியவர் நெஞ்சுல கை வச்சுக்கிட்டு, 'இதோ டாக்டர் வந்துட்டார், இதோ வந்துட்டார்'னு அவர்கிட்டயே சொல்லிக்கிட்டிருந்தேன்க்கா." குரல் உயரவில்லை. "எழுதிக் குடுங்க."

உதவி மேஜையில் அச்சடித்த படிவங்கள் ஒரு கட்டு இருந்தன, வெற்றுத்தாள் இல்லை. ஒரு படிவத்தைத் திருப்பிப் போட்டு எழுதினாள். டெலிபோனில் அடுத்தவரிடம் செய்தி சொல்வதுபோலச் சின்னச் சின்ன வரிகள். எந்த நாள், எந்தப் பெட்டி, என்ன முகவரி, ஏன் அப்படிச் செய்தேன், மணி எங்கே அடித்தது, எங்கே அடிக்கவில்லை, எப்போது மாற்றினேன். விசாரணையில் இதைச் சொன்னேன், பிறகு வேறு விதமாகக் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் எழுதினாள். அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆயிற்று.

நர்ஸ் இரண்டு தடவை படித்தாள். நாலாக மடித்தாள்.

"இதை அன்னிக்குச் சாயங்காலமே எழுதியிருக்கலாம்லக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு, நிர்வாக அதிகாரியின் அறை இருந்த மூன்றாம் மாடிக்குப் படியேறினாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபரேட்டர் மேஜையில் இருந்த பேனாவை மூடி வைத்தாள். முகவரிப் பட்டியலில் இரண்டாம் மாடிக்கு நேரே பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினாள். அடுத்து வருகிறவர் குழம்பக்கூடாது. கால் மணி நேரம் கழித்து அவள் பெட்டியின் திரையில் செய்தி வந்தது: உடனே மேலே வரவும். அவள் வழக்கமாகக் கைப்பையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மாடிக்குப் போவாள். அன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டாள், சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். இழுப்பறைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியேறினாள்.